டொபியின் வெள்ளிக்கிழமை

வேலிப் பொட்டுக்குள் இறுகி நின்றான் டொபி.
தலை பாத்தலட் அன்ரியின் வளவில்,
வால் என் வளவில்,
நடுவில் மூன்று வருடமாய் நான் போட்ட சோறு.
அன்ரி முன்னங்காலைப் பிடிக்க
நான் கிடுகை வெட்டினேன்.

நெல் ஆலைத் தராசில்
அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்,
பிறகு நான் மட்டும்.
கழித்துப் பார்த்தால் முப்பத்தொரு கிலோ.
என்னுடையதை ஆலைக்காரன் உரக்க வாசித்தான்.
அதை இங்கே எழுதவில்லை.

சூரிச்சிலிருந்து மைத்துனன் குரல் அனுப்பினான்:
"ஓநாய் ஒவ்வொரு நாளும் தின்னுறல்ல அத்தான்.
கிழமைக்கொருக்கா பட்டினி போடுங்க,
உள்ளுக்க எல்லாம் துப்பரவாகும்."
ஓநாயை நான் கண்டதில்லை.
சின்ன உப்போடையில் கண்டவர் யாருமில்லை.
ஆனாலும் வசதியான யோசனை:
வெள்ளி எனக்கும் விரதம்,
வீட்டில் மீன் இல்லை, உலை இரவில்தான்.

முதல் வெள்ளி.
காலையில் வெறுங் கோப்பையை நக்கினான்.
பத்து மணிக்கு அதைக் கவ்விவந்து
என் காலடியில் வைத்தான்.
நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.
தேவாரத்தில் ஒரே வரியை இரண்டு முறை படித்தேன்.
பின்நேரம் மஞ்சளாய்க் கக்கினான்.
கக்கியதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
குற்றம் தன்னுடையது போல.

அன்று மாலையே ஊறணி, மிருக வைத்தியர் சிபானா.
ஏறாவூர்ப் பிள்ளை. நோன்பு மாதம்.
உதடு காய்ந்திருந்தது, கை அவசரப்படவில்லை.
"வளந்த நாய், சுகமான நாய்,
ஒரு நாள் தின்னாட்டி சாகாது.
வயித்தால போனா நாங்களே
கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொல்லுவம்.
குட்டிக்கு ஒண்ணா.
சீனி வருத்தக்காரனுக்கு ஒண்ணா.
உங்கட ஆளுக்குப் பட்டினி தேவல்ல,
ரெண்டு பிடி குறைச்சுப் போட்டு
பாலத்தால நடத்துங்க."

"விரதம் நல்லதுதானே டொக்டர்?"
"நோன்புக்கு நிய்யத்து வேணும் சேர்.
ராவே நான் வெச்சிட்டன்.
இவன் எப்ப வெச்ச?"

சுவர் மணிக்கூட்டில் ஆறு பதினாறு.
அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.
டொபி மேசை லாச்சியைப் பார்த்தான்.
எங்கள் இருவருக்கும்
பசி முடியும் நேரம் தெரியும்.

இருபத்தாறு வயதில் ஒரு முகாமில்
பால்மா ரின்னை ஏந்தி வரிசையில் நின்றேன்.
கஞ்சி வருமா, எத்தனை மணிக்கு,
நாளைக்கும் உண்டா,
கேட்டவனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அந்த நாட்களுக்கு விரதமென்று
ஒருவரும் பேர் வைக்கவில்லை.
உள்ளே எதுவும் துப்பரவாகவும் இல்லை.

கைப்பேசியில் பாங்கு சொன்னது.
லாச்சி திறந்து பேரீச்சம்பழம் ஒன்றை வாயிலிட்டு
இன்னொன்றின் கொட்டையை நீக்கி
பாதியைத் தாளில் வைத்து
நிலத்தில் தள்ளினார் வைத்தியர்.
"இது மருந்தில்ல. துண்டுல எழுத மாட்டன்."

இப்போது வெள்ளிகளில்
நான் ஒருபொழுது, அவன் இருபொழுது.
அளந்த சோறு, அவித்த பூசணி.
பூசணியைச் சுற்றிச் சுற்றித் தின்று
பூசணியை விட்டுவிடுகிறான்.
மாலையில் கல்லடிப் பாலத்தில்
தூண்டில்காரர் ஒவ்வொருவரிடமும்
நின்று விசாரிக்கிறான்.
மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கிற்று.
மைத்துனனுக்குச் சொல்லவில்லை,
ஓநாய்க்குப் பேர் போய்விடும்.

பொட்டை இன்னும் அடைக்கவில்லை.
நேற்றுப் பகல் நான் பசியோடு கண்ணை மூடியிருக்க
கிடுகு சரசரத்தது. எங்கும் இறுகவில்லை.
அந்தப் பக்கம் சட்டி நகரும் ஓசை,
ஒட்டி மீன் தலை மணம்,
அன்ரியின் தணிந்த குரல்:
"முள்ளெல்லாம் எடுத்திட்டன், தின்னு மனே.
மறுகா போய் அவருக்கிட்டச் சொல்லிராத."